பாஸ்வேர்டே இல்லாத தளத்துக்குப் பூட்டு எதற்கு?

2025 அக்டோபரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2026 அக்டோபருக்கென்று தேதி குறித்திருக்கும் குரோம் 154 முதல், மறையாக்கம் இல்லாத, அதாவது போய்வருவதை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பாத, பொதுத் தளம் ஒன்றை முதல் தடவை திறக்கப் போனால் பிரவுசர் சட்டென்று திறந்துவிடாது. இணைப்பு பாதுகாப்பானது இல்லை, இருந்தாலும் போகவா என்று நிறுத்திக் கேட்கும். நீங்கள் சரி என்றால்தான் பக்கம் வரும். முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பானதல்ல' என்று சின்னதாகக் காட்டிக்கொண்டிருந்தது இனி வாசலிலேயே மறிக்கப் போகிறது.

இதில் குழம்புவது வங்கிக்காரர்கள் இல்லை, அவர்கள் எப்போதோ மாறிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ நாலு பக்கத்தில் ஒரு சைட் வைத்திருப்பவர்கள்தான் குழம்புகிறார்கள். "நம்ம சைட்ல ஒளிக்கதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு? கொடியேத்தம் என்னைக்கு, தேரோட்டம் என்னைக்கு, அன்னதானம் எங்க, அவ்வளவுதான?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பாஸ்வேர்டு கிடையாது, பணம் கட்டுகிற வேலை கிடையாது, ஊருக்கே சொல்ல வேண்டிய சேதியை எதற்காகப் பூட்டி அனுப்ப வேண்டும்?

பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு முதல் காரணம் ரகசியம் இல்லை. அங்கேதான் பாதிப்பேர் தடம் மாறிவிடுகிறார்கள், அதனால் அடியிலிருந்தே பார்ப்போம்.

திறந்த வாய்க்காலும் மூடிய குழாயும்

சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியை விட்டுப் பிரிகிற நெல்லைக் கால்வாய் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை ஊர், எத்தனை படித்துறை, எத்தனை மடை. வழியில் நிற்கிற யாரும் இறங்கிக் குளிக்கலாம், குடத்தில் மொண்டு கொள்ளலாம், குப்பையைக் கொட்டலாம், ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திருப்பியும் விடலாம். கடைமடைக்காரர் தன் வயலில் பாய்கிற தண்ணீரைப் பார்த்து, அணையில் திறந்துவிட்டது இதே தண்ணீர்தானா என்று சொல்ல முடியாது.

பிரவுசரும், தளம் குடியிருக்கும் கணினியான சர்வரும் பேசிக்கொள்ளும் பழைய முறையான எச்டிடிபி இந்தத் திறந்த வாய்க்கால். 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கியபோது ஆய்வாளர்கள் தங்களுக்குள் தகவல் பகிர்வதுதான் நோக்கம், கள்ளன் பயம் அன்று பெரிதாக இல்லை. அதனால் பிரவுசர் கேட்பதும் சர்வர் கொடுப்பதும் வெறும் எழுத்தாக, போட்டது போட்டபடி போய்வரும். வள்ளியூரில் ஒருவர் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது வீட்டு வைஃபை ரவுட்டர், தெருமுனை கேபிள்காரர் பெட்டி, இணைய நிறுவனத்தின் கருவிகள், அப்புறம் இன்னும் சில கைகள் தாண்டித்தான் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொன்றும் ஒரு படித்துறை.

எச்டிடிபிஎஸ் அதே தண்ணீரை மூடிய குழாயில் கொண்டுவருகிறது. குழாயின் பெயர் முதலில் எஸ்எஸ்எல், நெட்ஸ்கேப் நிறுவனம் 1990களின் நடுவில் செய்தது. 1999ல் டிஎல்எஸ் என்று பெயர் மாறியது, இப்போது புழங்குகிற புதிய பதிப்பான டிஎல்எஸ் 1.3 வந்தது 2018ல். பேச்சில் இன்னமும் 'எஸ்எஸ்எல் போட்டாச்சா' என்றுதான் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை.

இங்கே 'மறையாக்கம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான்: இரண்டு முனைக்கு மட்டும் தெரிந்த ஒரு சாவியைக் கொண்டு எழுத்தைக் குலைத்து அனுப்புவது, மறுமுனையில் அதே சாவியால் நேராக்கிக்கொள்வது. முன்பின் அறியாத இரண்டு பேர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கம்பியில் பேசியே, வேறு யாருக்கும் தெரியாத ஒரு சாவிக்கு எப்படி வந்து சேர முடியும்? முடியும் என்று 1976ல் டிஃபியும் ஹெல்மனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பக்கம் திறக்கிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் உங்கள் போன் அதன் வழிவந்த கணக்கைத்தான் போடுகிறது.

குழாய் செய்கிற மூன்று வேலை

1. மறைவு. வழியில் இருப்பவரால் படிக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த வேலை இது, அதனால் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: பக்கத்தில் இருப்பது பொதுச் சேதியாக இருந்தாலும், அதை இன்னார் படித்தார் என்பது பொதுச் சேதி இல்லை. காசநோய்க்கு எங்கே இலவச மருந்து கிடைக்கும் என்பது ஊருக்கே சொல்ல வேண்டிய தகவல். ஒரு வீட்டிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பது கேபிள்காரருக்குத் தெரிய வேண்டியது இல்லை.

2. மாறாமை. சர்வர் அனுப்பியதில் ஒரு எழுத்து வழியில் மாறினாலும் பிரவுசர் கண்டுபிடித்து, அதை ஏற்காமல் தள்ளிவிடும். என் கணக்கில் பொதுத் தளங்களுக்கு முக்கியமான வேலை இதுதான். 2023 டிசம்பர் 17, 18 நம் ஊரில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது, தாமிரபரணி கரை உடைத்து ஓடியது, ஆற்றோரத்து ஜனங்கள் அணை மட்டம் எவ்வளவு, எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118. இந்த எண்களில் ரகசியம் எதுவுமே இல்லை, சந்தையில் நின்று கூவலாம். ஆனால் சர்வர் 142 என்று அனுப்பியதை வழியில் ஒருவன் 124 என்று மாற்றிவிட்டால்? அன்றைக்கு அப்படி யாரும் செய்ததாகச் சொல்லவில்லை. செய்ய முடியும், வாய்க்கால் திறந்து கிடந்தால் அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லாத தளத்திலும் கெடுக்க நிறைய இருக்கிறது.

3. ஆள் அடையாளம். நீங்கள் பேசுவது அந்த முகவரிக்குச் சொந்தமான சர்வரோடுதான், நடுவில் உட்கார்ந்து நடிக்கிற வேறு எதனோடும் இல்லை என்ற உறுதி. இதைக் கொடுப்பது சான்றிதழ். அதற்குத் தனியாக வருவோம்.

இதெல்லாம் நடந்ததா?

நடந்தது. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சேர்ப்பான் வெளியானது. காபிக் கடையின் திறந்த வைஃபையில் உட்கார்ந்து அதை ஓட்டினால் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்கு உங்கள் திரையில் அவர் பெயரோடு வந்து நிற்கும், ஒரு சொடுக்கில் உள்ளே போய்விடலாம். அன்றைய தளங்கள் பல பாஸ்வேர்டு போடும் பக்கத்தை மட்டும் மறையாக்கிவிட்டு, அதற்குப் பிறகு வரும் பக்கங்களை எல்லாம் வெறும் எச்டிடிபியில் விட்டிருந்தன. 'ரகசியப் பக்கத்துக்கு மட்டும் பூட்டுப் போதும்' என்ற வாதம் அன்றைக்கே செத்துப்போனது, அடக்கம் பண்ணத்தான் இன்னும் சில வருஷம் ஆனது.

இரண்டாவது நம் நாட்டிலேயே. 2015 ஜூனில் பெங்களூருவில் ஒரு நிரலாளர் தன் சொந்தத் தளத்தை ஏர்டெல் 3ஜி இணைப்பில் திறந்து பார்த்தபோது, தான் எழுதாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டு, அதாவது பிரவுசருக்குள் ஓடும் சின்ன நிரல், அதற்குள் இருந்தது. இணைப்புக் கொடுத்தவர் பக்கமே வழியில் செருகியிருந்தது. டேட்டா எவ்வளவு செலவாகிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டத்தான் அது என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அது பாஸ்வேர்டு கேட்கிற தளம் இல்லை, ஒருவர் எழுதி வைத்திருந்த சாதாரணப் பக்கம்.

அதே வருஷம் மார்ச்சில் நடந்தது இதைவிடப் பெரிது. சீனாவின் தேடுபொறி நிறுவனமான பைடுவின் ஸ்கிரிப்டுகள் பல தளங்களில் எச்டிடிபி வழியாக ஏற்றப்பட்டன. அவற்றை நடுவழியில் மாற்றி, பக்கம் பார்க்க வந்த ஏதுமறியாத ஜனங்களின் பிரவுசர்களை எல்லாம், நிரலாளர்கள் தங்கள் நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தின் மேல் மோத வைத்தார்கள். 'கிரேட் கேனன்' என்று அதற்குப் பெயர். உங்கள் கமிட்டி சைட்டில் திருட ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அதற்கு வருகிறவர்களின் போன்களே சரக்குதான்.

இதற்கு நடுவில் அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடன் 2013ல் வெளியிட்ட ஆவணங்கள், அரசாங்கங்கள் கம்பியில் ஓடுவதை எந்த அளவுக்கு மொத்தமாக அள்ளுகின்றன என்று காட்டின. இணையத்தின் தரவிதிகளை எழுதுகிற ஐஇடிஎஃப் 2014 மே மாதம் ஓர் ஆவணத்தில், எங்கும் பரவிய கண்காணிப்பே ஒரு தாக்குதல்தான், நெறிமுறைகளை வடிவமைக்கும்போதே அதற்கு எதிராக யோசிக்க வேண்டும் என்று பதிவுசெய்தது.

பச்சை மை கையெழுத்து

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். வேலைக்கு மனுப்போடும்போது மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்குவோம் இல்லையா. மனுவை வாங்குகிறவருக்கு உங்களைத் தெரியாது, பச்சை மையில் கையெழுத்துப் போட்டவரின் பதவியைத் தெரியும், அதை வைத்து உங்கள் நகலை ஏற்கிறார். பிரவுசரும் அப்படித்தான். நம்பத்தக்க சான்றளிப்பு நிறுவனங்களின் பட்டியல் ஒன்று உங்கள் போனிலோ பிரவுசரிலோ முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். இவை வேர்கள். வேர் ஓர் இடைநிலை நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போடும், இடைநிலை உங்கள் தளத்துக்குப் போடும். சங்கிலி வேர் வரை அறுபடாமல் போனால் பக்கம் திறக்கும்.

பெரும்பாலான சான்றிதழ்களில் சரிபார்ப்பது ஒன்றே ஒன்று: கேட்கிற ஆள் அந்த முகவரியைத் தன் கையில் வைத்திருக்கிறாரா. சொன்ன இடத்தில் சொன்ன கோப்பை வை என்பார்கள், வைத்துக் காட்டினால் கிடைத்துவிடும். நல்லவரா, கடை உண்மையா, சொன்ன சொல் காப்பாற்றுவாரா, இதெல்லாம் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

பச்சை மைப் பேனாவே திருடு போனால்? போயிருக்கிறது. 2011ல் டிஜிநோட்டார் என்ற நெதர்லாந்து நிறுவனத்துக்குள் புகுந்து கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை ஒட்டுக்கேட்டார்கள். நிறுவனம் அந்த வருஷமே திவாலானது. 2014 ஜூலையில் நம்முடைய தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்தும் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த இடைநிலைச் சான்றுகளை உடனே ரத்து செய்தார்கள். இந்திய வேரின் கையெழுத்தைக் குறிப்பிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் செல்லும்படி குரோம் சுருக்கியது. டிஜிநோட்டாரில் பட்ட அடியில் பிறந்த ஏற்பாடுதான் சான்றிதழ் பகிரங்கப் பதிவேடு: எந்தச் சான்றிதழ் வழங்கினாலும் யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றாததை 2018க்குப் பிறகு குரோம் ஏற்காது. உங்கள் பெயரில் எவராவது சான்றிதழ் வாங்கினால் உங்களுக்கே தெரிய வழியுண்டு. ஓட்டையே இல்லாத முறை என்று நான் சொல்லமாட்டேன், ஓட்டை வெளியே தெரிகிற முறை.

'விருப்பம் இருந்தால்' போதாதா?

போதாது, அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ஒருவர் முகவரியை மட்டும் தட்டினால் பழைய பிரவுசர் முதலில் எச்டிடிபியில்தான் கதவைத் தட்டும், சர்வர் 'எச்டிடிபிஎஸ் பக்கம் வா' என்று திருப்பிவிடும். அந்த முதல் தட்டல் திறந்த வாய்க்காலில் போகிறது. நடுவில் இருப்பவன் அதைப் பிடித்து, திருப்பிவிடும் வரியை மட்டும் அழித்துவிட்டால் போதும், பாதுகாப்பான தளமும் பாதுகாப்பில்லாமல் திறக்கும். 2009ல் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவி இதைச் செய்து காட்டியது. இதற்கு மருந்தாக 2012ல் வந்தது எச்எஸ்டிஎஸ்: 'இனி இந்தத் தளத்துக்கு எச்டிடிபியில் வரவே வராதே' என்று தளமே பிரவுசருக்குச் சொல்லிவைக்கிற ஒரு வரி. ஆனால் அதையும் தளம் வைத்திருந்தால்தானே. பிரவுசரே முதல் தட்டலை எச்டிடிபிஎஸில் செய்து, இல்லையென்றால் மட்டும் கேட்டுக்கொண்டு போவது என்று ஆக்கினால் இந்த ஓட்டையின் பெரும்பகுதி அடைபடும். குரோம் 154 செய்வதாகச் சொல்வது அதைத்தான். வீட்டு ரவுட்டரின் 192.168 முகவரி போன்ற உள்ளகப் பக்கங்களுக்கு இந்தக் கேள்வி வராது, பொதுத் தளங்களுக்குத்தான்.

இன்னொரு காரணம் சாதாரணமானது. ரகசியக் கடிதத்தை மட்டும் உறையில் போட்டால் உறையே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாமே உறையில் போனால் எது முக்கியம் என்று எவனுக்கும் தெரியாது.

எதிர்க்கட்சி சொல்வது

1. வேகம் குறையும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போதைய பிராசசர்கள் பலவற்றில் இந்தக் கணக்குக்கென்றே தனி வசதி இருக்கிறது, டிஎல்எஸ் 1.3 முதல் கைகுலுக்கலை ஒரே போக்குவரத்தில் முடித்துவிடுகிறது. இந்த வாதத்தை விட்டுவிடலாம்.

2. காசு. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பொதுமக்களுக்கு இலவசச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியதோடு இதுவும் முடிந்தது. இன்றைக்கு ஒருவர் 'எஸ்எஸ்எல்லுக்கு வருஷம் இவ்வளவு' என்று தனியாகப் பில் போட்டால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

3. பழைய கருவிகள். இதை நான் லேசாக எடுக்கவில்லை. லெட்ஸ் என்க்ரிப்டின் வேர் ஆண்ட்ராய்டு 7.1.1ல்தான் சேர்ந்தது, அதற்கு முந்தைய போன்களுக்காக வைத்திருந்த மாற்றுவழி 2024 செப்டம்பரோடு காலாவதியானது. பேரன் தூக்கிப் போட்ட பழைய போனை ஆச்சி வைத்திருந்தால் பல தளங்கள் அதில் எச்சரிக்கை காட்டும். தனக்கென்று சொந்த வேர்ப்பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸைப் போட்டுப் பார்க்கலாம், எல்லாப் போனிலும் ஏறும் என்று சொல்ல முடியாது. கடிகாரமும் இப்படித்தான் கழுத்தறுக்கும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் முடிவுகட்டி எந்தத் தளத்தையும் திறக்காது. கடைக்காரர் நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார். 'பாதுகாப்பு' என்று நாம் சொல்வது கடைசியில் வசதி குறைந்தவரின் கருவியைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறது. என் கட்சியின் பலவீனம் இது, ஒப்புக்கொள்கிறேன்.

4. சேமித்துப் பகிர்தல். இணைப்பு மெல்லியதாக இருக்கும் ஒரு மலையோரப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் ஒரே பக்கத்தைத் திறந்தால், எச்டிடிபி காலத்தில் நடுவில் ஒரு கணினி அதை ஒருமுறை வாங்கி வைத்து நாற்பது பேருக்கும் கொடுக்கலாம். குழாய்க்குள் போவதை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. உண்மையான இழப்புத்தான். ஆனால் பிடித்துவைத்துப் பகிர்கிற அதே கை மாற்றியும் பகிரலாம் என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது.

பூட்டு சொல்லாத விஷயங்கள்

குழாய் தண்ணீரைச் சுத்தம் பண்ணாது. ஊற்றிலேயே கலங்கலாக இருந்தால் கலங்கல்தான் பத்திரமாக வந்து சேரும். மின்கட்டணம் பாக்கி என்று எஸ்எம்எஸ் அனுப்பி ஏமாற்றுகிறவனின் தளத்திலும் இலவசச் சான்றிதழ் இருக்கும், பூட்டும் இருக்கும். 'பூட்டு இருக்கா பாரு, இருந்தா நம்பலாம்' என்று நாமே பல வருஷம் சொல்லிக்கொடுத்தோம், அது தப்புப் பாடம். 2023 செப்டம்பரில் குரோம் 117ல் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டதற்குக் காரணமும் இந்தக் குழப்பம்தான். பார்க்க வேண்டியது முகவரியை, எழுத்தெழுத்தாக.

அதேபோல் எந்த வீட்டுக்குக் குழாய் போகிறது, எவ்வளவு ஓடுகிறது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பொதுவாக இணைய நிறுவனத்துக்குத் தெரியும், அதற்குள் எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. காசநோய் உதாரணத்தில்கூட, அந்தத் தளம் காசநோய்க்கென்றே தனியாக இருந்தால் பெயரே சொல்லிவிடும்.

இனி சிக்கல் எங்கே வரும்?

சான்றிதழ் வாங்குவதில் இல்லை, புதுப்பிப்பதில். 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாள் என்றிருந்தது. சான்றளிப்பு நிறுவனங்களும் பிரவுசர்காரர்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சுருங்குகிறது. பழைய சாவி திருடு போனாலும் நீண்டநாள் செல்லக்கூடாது என்பது நோக்கம். அதோடு, 47 நாளுக்கு ஒருமுறை கையால் செய்ய எவனுக்கும் பொறுமை இருக்காது, தானியங்கியாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்போது நம் ஊர் சைட்டை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒரு தம்பி கல்லூரி முடித்த வருஷம் செய்து கொடுத்தது, தம்பி இப்போது பெங்களூருவில், ஹோஸ்டிங் கணக்கு (சைட்டுக்கு சர்வரில் வாடகைக்கு இடம் பிடித்த கணக்கு) அவர் பழைய மெயிலில். லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை 2025 ஜூனோடு நிறுத்திவிட்டது, அந்தப் பழைய மெயிலுக்குக்கூட இனி எதுவும் வராது. ஆனித் தேருக்கு முந்தின நாள் சான்றிதழ் தீர்ந்தால் பிரவுசர் முழுப்பக்க எச்சரிக்கை காட்டும். எச்எஸ்டிஎஸ் வேறு போட்டிருந்தால் 'பரவாயில்லை, போ' என்கிற பொத்தானே வராது.

அதனால் மாறுகிறவர்கள் இந்த வரிசையில் போவது நல்லது:

1. ஹோஸ்டிங்காரரிடம் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.

2. முகவரிப் பதிவும் ஹோஸ்டிங் கணக்கும் கமிட்டியின் பெயரில், இரண்டு பேராவது பார்க்கிற மெயிலில் இருக்கட்டும். அந்தத் தம்பிக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.

3. எச்டிடிபியில் வருகிறவர்களை எச்டிடிபிஎஸுக்குத் திருப்பிவிடுங்கள். படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எதுவும் பழைய எச்டிடிபி முகவரியில் தொங்கவில்லையா என்று பாருங்கள், தொங்கினால் பக்கம் பாதிதான் வரும்.

4. எச்எஸ்டிஎஸ் கடைசி. புதுப்பித்தல் யார் கையும் படாமல் இரண்டு தடவை தானாக நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, முதலில் சில நிமிஷ ஆயுளோடு, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் வருஷம்.